டயருக்கும் வயது உண்டு

மோட்டார் வாகனம் எத்துணைப் பெரிதாயினும், அது சாலையைத் தொடுவது டயர்களின் வாயிலாக மட்டுமே. ஒரு காரின் டயர் ஒன்று தரையில் படியும் பரப்பு ஏறத்தாழ மனிதனின் உள்ளங்கை அளவினதே ஆகும். காரின் எடை முழுவதையும் தாங்குவதும், பிரேக்கின் விசையைத் தரைக்குக் கடத்துவதும், வளைவுகளில் வண்டியை நிலைநிறுத்துவதும் இந்த நான்கு சிறு பரப்புகளே. எஞ்சினில் கோளாறு ஏற்பட்டால் வண்டி நின்றுவிடும். ஓடும் வேகத்தில் டயர் சிதைந்தாலோ, வண்டி ஓட்டுநரின் கட்டுப்பாட்டை விட்டு நீங்கிவிடும்.

2010-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் புனேயிலிருந்து மும்பைக்குச் சென்றுகொண்டிருந்த கார் ஒன்றின் பின்சக்கர டயர் வெடித்தது. கார் ஆழமான பள்ளத்தில் வீழ்ந்தது. அதில் பயணம் செய்த 38 வயதுடைய ஒருவர் உயிரிழந்தார். அவரது வருவாயை நம்பியிருந்த குடும்பத்தினர் இழப்பீடு கோரினர். டயர் வெடித்தது ‘கடவுளின் செயல்’, எனவே அதற்கு எவரும் பொறுப்பாளியல்லர் என்று காப்பீட்டு நிறுவனத்தின் சார்பில் வாதிடப்பட்டது. தீர்ப்பாயம் 2016-இல் சுமார் 1.25 கோடி ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. மேல்முறையீட்டை விசாரித்த பம்பாய் உயர் நீதிமன்றம் 2023-இல் அதனைத் தள்ளுபடி செய்தது. மிகு வேகம், காற்றழுத்தத்தின் குறைவு அல்லது மிகுதி, பழைய டயர், வெப்பம் ஆகியவையே டயர் வெடிப்பதற்குக் காரணங்கள் என்றும், பயணத்திற்கு முன்னர் டயரின் நிலையை அறிந்துகொள்வது ஓட்டுநர் அல்லது உரிமையாளரின் கடமை என்றும் நீதிமன்றம் கருதியது.

இந்தியாவில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் 4,61,312 சாலை விபத்துகள் நிகழ்ந்து, 1,68,491 பேர் உயிரிழந்தனர் என்பது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு. இவற்றிற்குக் காரணங்கள் பல. டயர் அவற்றுள் ஒன்றே. எனினும் ‘டயர் வெடித்துவிட்டது’ என்ற சொல் வந்தவுடன் மேற்கொண்டு கேள்வி எழுப்பாமல் அதனை விதியின் மீது சுமத்திவிடும் வழக்கம் மக்களிடையே உள்ளது. டயர் ஏன் வெடித்தது என்று ஆராய்ந்தால் விடைகள் கிடைக்கும். அவ்விடைகளுள் மக்கள் மிகக் குறைவாக அறிந்திருப்பது டயரின் முதுமை என்பதாகும்.

தேய்மானம் வேறு, முதுமை வேறு

டயரின் வெளிப்பரப்பில் வெட்டப்பட்டுள்ள பள்ளங்களையும் அவற்றிற்கு இடைப்பட்ட மேடுகளையும் பேச்சு வழக்கில் ‘பட்டன்’ என்பர். மழைக்காலத்தில் டயருக்கும் சாலைக்கும் இடையே தேங்கும் நீரை வெளியேற்றுவதே பள்ளங்களின் பணி. பட்டன் தேய்ந்து ‘மொட்டை’யான டயர், நீர்ப்படலத்தின் மீது மிதந்து வழுக்கிச் செல்லும். இத்தீங்கு கண்ணால் காணத்தக்கது. ஆதலின் பெரும்பாலோர் பட்டனைப் பார்த்தே டயரின் தகுதியை முடிவு செய்கின்றனர்.

முதுமையோ கண்ணுக்கு எளிதில் புலப்படுவதில்லை. ஓர் எடுத்துக்காட்டின் மூலம் இதனை விளக்கலாம். 45,000 கிலோமீட்டர் வரை உழைக்கக்கூடிய டயர்கள் ஒரு வாடகைக் காரிலும் ஒரு சொந்தக் காரிலும் பொருத்தப்படுவதாகக் கொள்வோம். ஆண்டுக்கு 60,000 கிலோமீட்டர் ஓடும் வாடகைக் காரில் அவை ஓராண்டு முடியுமுன்னரே தேய்ந்துவிடும். முதுமையடைய அவற்றிற்கு அவகாசமே இல்லை. ஆண்டுக்கு 5,000 கிலோமீட்டர் மட்டுமே ஓடும் சொந்தக் காரில் அதே டயர்கள் தேய்வதற்கு 9 ஆண்டுகள் ஆகும். ஏழாவது ஆண்டில் பார்த்தாலும் பட்டன் நன்றாகவே தோன்றும். ஆனால் உள்ளிருக்கும் ரப்பர் தன் வலிமையில் பெரும்பகுதியை இழந்திருக்கக்கூடும். குறைவாக ஓட்டுவோர், கோடை விடுமுறையில் மட்டும் நெடுந்தொலைவு செல்வோர் ஆகியோரின் வண்டிகளிலேயே இந்த ஆபத்து மிகுதி என்பது கருதத்தக்கது.

ரப்பர் ஏன் முதுமையடைகிறது?

கார் டயர் என்பது ரப்பர் வளையம் மட்டுமன்று. காற்று கசியாமல் காக்கும் உள்படலம், வடிவத்தைத் தரும் நூலிழை அடுக்கு, ரிம்முடன் இறுகப் பிடிக்கும் விளிம்புக் கம்பி, பட்டனுக்குக் கீழே ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த எஃகு இழைப் பட்டைகள் ஆகியவற்றை ரப்பர் ஒன்றாகப் பிணைத்து வைத்துள்ளது. இவற்றுள் எஃகுப் பட்டைகளின் விளிம்புகளைச் சுற்றியுள்ள ரப்பரே மிகுந்த அலைக்கழிப்புக்கு உள்ளாகிறது. சக்கரம் ஒருமுறை சுழலும்போதெல்லாம் டயரின் ஒவ்வொரு பகுதியும் ஒருமுறை நசுங்கி மீள்கிறது.

ரப்பரைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதியும் மீள்தன்மையும் பெறுகிறது. 1839-இல் சார்லஸ் குட்இயர் கண்டறிந்த இம்முறையே டயர்த் தொழிலின் அடிப்படை. கந்தகம் ரப்பரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளுக்கு இடையே பாலங்களை அமைக்கிறது. காலப்போக்கில் காற்றிலுள்ள ஆக்சிஜன் ரப்பருடன் வினைபுரிந்து, சில சங்கிலிகளை அறுத்துவிடுகிறது. வேறு சிலவற்றிற்கிடையே தேவைக்கு மேற்பட்ட பிணைப்புகளை உண்டாக்குகிறது. இதன் விளைவாக ரப்பர் இறுகி, நொறுங்குந் தன்மை அடைகிறது. முன்பு இழுத்தால் நீண்டு மீண்ட பொருள், இப்போது இழுத்தால் கிழிகிறது.

இவ்வினை வெளியிலிருந்து மட்டும் நிகழ்வதன்று. டயருக்குள் அழுத்தத்துடன் அடைபட்டிருக்கும் காற்று உள்படலத்தின் ஊடே மெல்ல மெல்ல ஊடுருவிச் செல்கிறது. செல்லும் வழியில் அதன் ஆக்சிஜன் எஃகுப் பட்டைகளைப் பிணைத்துள்ள ரப்பரைத் தாக்குகிறது. பட்டைகளின் விளிம்பில் தோன்றும் நுண்ணிய விரிசல் உட்புறமாகவே பரவி, ஒருநாள் மிகு வேகத்தில் பட்டன் பகுதி முழுவதும் உரிந்து விலகுகிறது. டயரின் முகம் நன்றாக இருக்கும்போதே அது திடீரெனச் சிதைவதன் மர்மம் இதுவே.

வெளிப்புறத்தில் ஓசோன் வாயுவும் சூரியனின் புற ஊதாக் கதிர்களும் பக்கச்சுவரில் வெடிப்புகளை உண்டாக்குகின்றன. இதனைத் தடுப்பதற்காக டயர் தயாரிக்கும்போதே சில இரசாயனங்களும் மெழுகும் சேர்க்கப்படுகின்றன. டயர் ஓடி நெகிழும்போது இவை மேற்பரப்புக்கு வந்து காப்புப் படலமாக அமைகின்றன. மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் வண்டியில் இச்செயல் நடைபெறுவதில்லை. ஆகவே ‘வண்டி ஓடவே இல்லை, டயர் புதிதாகத்தான் இருக்கும்’ என்ற எண்ணம் தவறானது.

வெப்ப நாட்டின் சிக்கல்

வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் இரசாயன வினைகள் பலவற்றின் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது மாணவர்கள் அறிந்த பொது விதி. டயரின் முதுமையும் இரசாயன வினையே. எனவே குளிர்நாடுகளில் வகுக்கப்பட்ட கால அளவுகளை வெப்ப நாடுகளில் அப்படியே கொள்வது பொருந்தாது.

இதற்கு அமெரிக்க அனுபவம் சான்று பகர்கிறது. 2000-ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. ஓடும்போது அவற்றின் பட்டன் பகுதி உரிந்து, வண்டிகள் கவிழ்ந்து, இறந்தோரின் எண்ணிக்கை 200-ஐக் கடந்தது. வடிவமைப்பு, தயாரிப்பு, காற்றழுத்தம் எனப் பல காரணங்கள் ஆராயப்பட்டன. வெப்பம் மிகுந்த தென் மாநிலங்களில் இந்நிகழ்ச்சிகள் கூடுதலாக இருந்தமை அனைவரின் கவனத்தையும் ஈர்த்தது. இதன்பின் அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு, கடும் வெயிலுக்குப் பெயர்பெற்ற ஃபீனிக்ஸ் நகரில் பயன்பாட்டிலிருந்த டயர்களைச் சேகரித்து ஆராய்ந்தது. பெரிய காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் பதிவுகளையும் அது வெளியிட்டது. அந்நிறுவனத்தில் காப்பீடு பெற்றிருந்தோரில் 27 விழுக்காட்டினரே டெக்சாஸ், கலிஃபோர்னியா, லூசியானா, ஃபுளோரிடா, அரிசோனா ஆகிய 5 வெப்ப மாநிலங்களைச் சேர்ந்தவர்கள். ஆனால் டயர் தொடர்பான கோரிக்கைகளில் 77 விழுக்காடு அங்கிருந்தே வந்தது. அவற்றுள் 84 விழுக்காடு 6 ஆண்டுகளுக்கு மேற்பட்ட டயர்களைப் பற்றியது.

நாகபுரியிலும் இராஜஸ்தானத்திலும் மே மாதத்தில் வெப்பம் 45 டிகிரியைத் தாண்டுவதுண்டு. அவ்வெயிலில் நாள் முழுவதும் நிறுத்தப்பட்ட காரின் டயர், பின்னர் நேரான நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் மிகு வேகத்தில் ஓடும்போது மேலும் சூடாகிறது. காற்றழுத்தம் குறைந்திருந்தால் பக்கச்சுவர் அளவுக்கு மீறி மடிந்து நிமிர்வதால் அச்சூடு பெருகும். இளமையான டயர் தாங்கிக்கொள்ளும் இச்சோதனையை முதிய டயர் தாங்குவதில்லை. 2012-இல் திறக்கப்பட்ட யமுனை விரைவுச் சாலையிலும், 2022 முதல் கட்டம் கட்டமாகத் திறக்கப்பட்ட 701 கிலோமீட்டர் நீளமுள்ள நாகபுரி–மும்பை சம்ருத்தி பெருவழியிலும் டயர் வெடிப்புகள் பெரிதும் பேசப்பட்டதன் பின்னணி இதுவே. சாலைகள் புதியனவாயினும் அவற்றின் மீது ஓடும் டயர்கள் புதியன அல்ல.

வயதை அறிவது எப்படி?

டயரின் வயதை அறிய வல்லுநர் தேவையில்லை. பக்கச்சுவரில் ‘டி.ஓ.டி.’ என்ற எழுத்துகளை அடுத்து வரும் நீண்ட குறியீட்டின் இறுதியில் நான்கு இலக்கங்கள் காணப்படும். முதல் இரண்டு இலக்கங்கள் வாரத்தையும், அடுத்த இரண்டும் ஆண்டையும் குறிக்கும். 3621 என்றிருந்தால், அந்த டயர் 2021-ஆம் ஆண்டின் 36-ஆவது வாரத்தில், அதாவது செப்டம்பர் மாதத் தொடக்கத்தில் தயாரானது என்பது பொருள். இந்த நான்கு இலக்கங்கள் சில டயர்களில் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும். வெளிப்பக்கத்தில் காணாவிடின் உட்பக்கத்தில் தேடுதல் வேண்டும். மூன்று இலக்கங்களே இருப்பின், அது 2000-ஆம் ஆண்டுக்கு முற்பட்ட டயர். அது எவ்வளவு பொலிவுடன் தோன்றினாலும் சாலைக்கு உரியதன்று.

வயது தயாரிப்பு நாளிலிருந்தே கணக்கிடப்படுகிறது, வாங்கிய நாளிலிருந்து அன்று. கடையில் ஈராண்டு கிடந்த டயரைப் ‘புத்தம் புதியது’ என்று வாங்குவோர், அதன் ஆயுளில் ஈராண்டை இழந்தே வாங்குகின்றனர்.

எப்போது மாற்றுவது?

கார் உற்பத்தியாளர்கள் பலர், பட்டன் எந்நிலையில் இருப்பினும் 6 ஆண்டுகளில் டயரை மாற்றுமாறு கூறுகின்றனர். டயர் உற்பத்தியாளர்கள் சிலர், 5 ஆண்டுகளுக்குப் பின் ஆண்டுதோறும் பயிற்சி பெற்றவரிடம் காட்டிச் சோதிக்க வேண்டும் என்றும், 10 ஆண்டுகள் நிறைந்தால் எவ்வகையிலும் பயன்படுத்தலாகாது என்றும் அறிவுறுத்துகின்றனர். வெப்பம் மிகுந்த நாட்டில் 5-ஆம் ஆண்டு முதல் விழிப்புடன் சோதிப்பதும், 6-ஆம் ஆண்டை மாற்றுவதற்குரிய காலமாகக் கொள்வதும் அறிவுடைமை. பத்தாண்டு என்பது கடக்கக்கூடாத எல்லை. எட்டவேண்டிய இலக்கு அன்று.

பின்வரும் அறிகுறிகளில் எது தோன்றினாலும் வயதைக் கருதாமல் மாற்ற வேண்டும்:

1. பள்ளங்களின் அடியில் குறுக்காக அமைந்துள்ள தேய்மான மேடுகள், பட்டனின் மேற்பரப்புடன் சமமாகிவிடுதல்.

2. பக்கச்சுவரிலோ பள்ளங்களின் அடியிலோ வலைபோன்ற வெடிப்புகள் காணப்படுதல்.

3. பக்கச்சுவரில் கொப்புளம் போன்ற புடைப்பு தோன்றுதல். இது உள்ளிழை அறுந்துவிட்டதன் அடையாளம்.

4. சக்கரங்களைச் சமன்செய்த பின்னரும் ஸ்டியரிங்கில் அதிர்வு நீடித்தல். பட்டன் பகுதி ஓரிடத்தில் மட்டும் மேலெழும்பித் தோன்றுதல்.

5. வெளிப்படையான பஞ்சர் இன்றியே காற்று அடிக்கடி குறைதல்.

இரண்டு டயர்களை மட்டும் மாற்ற நேர்ந்தால், புதியவற்றைப் பின்சக்கரங்களில் பொருத்துவதே நன்று. முன்சக்கரம் பிடிப்பிழந்தால் வண்டி நேரே செல்ல முற்படும். வேகத்தைத் தளர்த்திச் சமாளிக்க வாய்ப்புண்டு. பின்சக்கரம் பிடிப்பிழந்தாலோ வண்டி சுழன்றுவிடும். டயர் வெடித்துவிட்டால் பிரேக்கை அழுந்த மிதிக்கலாகாது. ஸ்டியரிங்கை உறுதியாகப் பற்றி, வண்டியை நேராகச் செலுத்திக்கொண்டே ஆக்சிலரேட்டரை மெல்லத் தளர்த்தி, வேகம் தானே குறைந்த பின்னர் ஓரத்தில் நிறுத்த வேண்டும்.

சட்டத்தின் நிலை

1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 94-ஆவது விதி டயர்களின் நிலையைப் பற்றியது. பள்ளத்தின் ஆழம் இருசக்கர, மூன்று சக்கர வண்டிகளில் 0.8 மில்லிமீட்டருக்கும், மற்றவற்றில் 1.6 மில்லிமீட்டருக்கும் குறையலாகாது என்பது விதி. 2009-ஆம் ஆண்டின் தரக் கட்டுப்பாட்டு ஆணையின்படி டயர்கள் இந்தியத் தர நிர்ணயத்திற்கு உட்பட வேண்டும். இவை பயனுள்ள ஏற்பாடுகளே. எனினும் ஆழத்தை அளக்கும் கருவி வயதை அளப்பதில்லை.

மேலும், வாடகை வாகனங்களும் பேருந்துகளும் குறிப்பிட்ட காலந்தோறும் தகுதிச் சான்று பெறவேண்டியிருப்பதால் அதிகாரிகளின் பார்வைக்கு வருகின்றன. சொந்தக் காருக்கோ முதற்பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும். அந்த 15 ஆண்டுகளில் அதன் டயர்கள் இருமுறை முதுமையடைந்து முடிந்திருக்கும். அவற்றைப் பார்க்கும் பொறுப்பு முற்றிலும் உரிமையாளரையே சாரும்.

பிரிட்டனின் அனுபவம் இவ்வகையில் படிப்பினை தருவது. 2012 செப்டம்பரில், இசை விழா ஒன்றிலிருந்து இளைஞர்களை ஏற்றித் திரும்பிய பேருந்து சர்ரே மாவட்டத்தில் விபத்துக்குள்ளாகி, ஓட்டுநரும் பயணிகள் இருவரும் இறந்தனர். சிதைந்த முன்சக்கர டயரின் வயது பத்தொன்பதரை ஆண்டுகள் என்று விசாரணையில் தெரியவந்தது. இறந்தவருள் ஒருவரான 18 வயது இளைஞரை விட அந்த டயர் மூத்தது. முதிய டயரைப் பொருத்துவதை அன்றைய சட்டம் தடை செய்யவில்லை. அவ்விளைஞரின் தாய் பல ஆண்டுகள் இடையறாது இயக்கம் நடத்தினார். அரசு ஆய்வு மேற்கொண்டு, 2021 பிப்ரவரி 1 முதல், 10 ஆண்டுகளுக்கு மேற்பட்ட டயர்களை லாரி, பேருந்து ஆகியவற்றின் முன் அச்சில் பொருத்துவதைத் தடை செய்தது. தயாரிப்பு நாள் தெளிவாகத் தெரியும்படி இருக்க வேண்டும் என்றும் விதித்தது.

ஸ்டெப்னியும் பழைய டயரும்

நான்கு டயர்களையும் மாற்றுவோர் ஐந்தாவதை மறந்துவிடுவது இயல்பு. ஸ்டெப்னி ஓடுவதில்லை, ஆயினும் முதுமையடைகிறது. நடுவழியில் பஞ்சரானபோது பத்தாண்டு பழமையான ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு அதே வேகத்தில் பயணத்தைத் தொடர்வது ஓர் இடரிலிருந்து மற்றோர் இடருக்குச் செல்வதாகும்.

சாலையோரக் கடைகளில் குறைந்த விலைக்கு விற்கப்படும் பழைய டயர்கள் பெருந்தீங்கு விளைவிப்பவை. தேய்ந்த பள்ளங்களைச் சூட்டுக் கத்தியால் ஆழமாக்கி, கறுப்புச் சாயம் பூசி, புதியவைபோல் காட்டுவதுண்டு. பள்ளத்தை ஆழமாக்குகையில் எஃகுப் பட்டையை மூடியிருக்கும் ரப்பர் மேலும் மெலிகிறது. இலாபமாகத் தோன்றும் சில நூறு ரூபாய் உண்மையில் உயிரை அடகு வைத்துப் பெறும் கடனாகும்.

கழிக்கப்பட்ட டயரை வீட்டு மாடியில் போட்டு வைப்பதும் தகாது. அதில் தேங்கும் மழைநீர் டெங்குவைப் பரப்பும் கொசுக்களுக்கு இருப்பிடமாகும். பழைய டயர்களை மறுசுழற்சி செய்விக்கும் பொறுப்பை உற்பத்தியாளர்களுக்கும் இறக்குமதியாளர்களுக்கும் விதித்து மத்திய அரசு 2022 ஜூலையில் விதிகளை வெளியிட்டது. கழித்த டயர் மீண்டும் சாலைக்கு வராமல் தடுப்பதற்கும் இது உதவும்.

அரசு வாகனங்களில் செய்யத்தக்கவை

வட்டார அலுவலகங்களின் ஜீப்புகள், ஆம்புலன்சுகள், தீயணைப்பு வண்டிகள் ஆகியவற்றிற்கு இப்பிரச்சினை சிறப்பாகப் பொருந்தும். தீயணைப்பு வண்டி ஆண்டில் ஓடும் தொலைவு குறைவு. ஆனால் அழைப்பு வந்த கணத்தில் தண்ணீர்ச் சுமையுடன் முழு வேகத்தில் ஓடியாக வேண்டும். கிலோமீட்டர் கணக்கை மட்டும் நோக்கினால் அதன் டயருக்கு மாற்றும் காலம் எளிதில் வராது.

செலவின்றியே செய்யத்தக்கவை சில உள. வண்டியின் பயணப் பதிவேட்டில் ஸ்டெப்னி உட்பட ஒவ்வொரு டயரின் நான்கிலக்க எண்ணையும் எழுதி வைக்கலாம். கொள்முதல் ஆணையில் தயாரிப்பு நாள் பற்றிய நிபந்தனையைச் சேர்க்கலாம். கிடங்கில் முதலில் வந்ததை முதலில் வழங்கும் முறையைக் கண்டிப்பாகப் பின்பற்றலாம். வெயிலும் மின்மோட்டாரின் ஓசோனும் படாத இடத்தில் இருப்பு வைக்கலாம். மாதம் இருமுறையேனும், வண்டி புறப்படுமுன் டயர் குளிர்ந்திருக்கும் வேளையில், கதவின் அருகே ஒட்டப்பட்டுள்ள அட்டவணைப்படி காற்றழுத்தத்தைச் சரிபார்க்கலாம்.

இவ்வனைத்திற்கும் தொடக்கம் ஒரு சிறு செயலே. வண்டியின் அருகே குனிந்து பக்கச்சுவரிலுள்ள நான்கு இலக்கங்களைப் படிக்க ஒரு நிமிடம் போதும். பிள்ளையின் பிறந்த நாளையும், காப்பீடு முடியும் நாளையும் நினைவில் வைத்திருக்கும் குடும்பத்தலைவர், தம் குடும்பத்தை ஏற்றிச் செல்லும் ஐந்து டயர்களின் பிறந்த வாரத்தையும் குறித்து வைத்துக்கொள்வாராயின், விதியின் மீது சுமத்தப்படும் விபத்துகளில் ஒரு பகுதியேனும் நிகழாமலே போகும்.